சேவல் லாரி ஏறின கதை

எம்பொண்ணு தீக்ஷாவ ஸ்கூல்ல இருந்து நிறுத்தினது நான்தான். யாரும் சொல்லி நிறுத்தல, அந்தப் பழி என் தலையிலயே இருக்கட்டும். மூணாங்கிளாஸ் மிஸ் தெனமும் அவள எழுப்பி நிக்க வெச்சு தமிழ்ப் பாடத்த வாசிக்கச் சொல்லுவா. இவ ஒவ்வொரு எழுத்தா தடவித் தடவி நிப்பா, நாப்பது பிள்ளைங்களும் சிரிக்கும். ஒரு நாள் நின்ன எடத்துலயே யூனிஃபார்ம் நனைஞ்சு போச்சு. அதத் தொடைக்க அவளயே துணி எடுத்துட்டு வரச் சொன்னாங்களாம். மறுநாள் காலைல போய் டி.சி. கேட்டேன். பிரின்சிபால், "இதுக்கெல்லாமா மேடம்"னு கேட்டார். இதுக்குத்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆட்டோல வர்றப்ப அவ கையப் புடிச்சிக்கிட்டு, இனிமே உன்ன ஸ்கூலுக்கு அனுப்பவே மாட்டேன்னு சொன்னேன். அவளுக்கு அப்ப எட்டு வயசு.

எங்க வீட்டுக்காரர் அனந்தநாதன் சண்ட போடல. அவருக்குச் சண்ட வராது, கெடு வெக்கத்தான் வரும். "ரெண்டு வருஷம் எடுத்துக்க பிராமி. அதுக்கப்பறம் ஏதாவது ஒரு கதைய அவளா எம்முன்னாடி படிச்சுக் காட்டட்டும். படிச்சுட்டா நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா திரும்ப ஸ்கூல்தான்"னார். ஸ்கூலுங்கற பேரக் கேட்டதுமே தீக்ஷா எழுந்து பாத்ரூமுக்குப் போயிட்டா.

எங்களுக்கு செங்கம் ரோட்ல மளிகைக் கடை. கீழ கடை, நடுவுல நாங்க, மொட்டமாடில ரெண்டு ரூம் வாடகைக்கு. நாங்க நயினாருங்க, தமிழ் ஜைனருங்க. ஜைனர்னு சொன்னா வடக்க இருந்து வந்த சேட்டான்னு கேப்பாங்க, எத்தன தலமொறையா இந்த ஜில்லாலயே ஏர் ஓட்டினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகணும். ஒரு உசுரும் போயிடக் கூடாதுன்னு பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடு, கெழங்கு கெடையாது, கொழாய்க்குத் துணி கட்டித்தான் தண்ணி புடிப்போம். எறும்ப மிதிச்சுட்டா தீக்ஷா அரைநாள் மூஞ்சத் தூக்கி வெச்சுக்குவா. மலையப் பாக்க வந்து முட்டை கேக்கற வெள்ளைக்காரங்களுக்கு நாலு கடை தள்ளி வழி காட்டி விட்டுடுவார் அவர்.

மாடில நந்தினினு ஒரு பொண்ணு குடியிருந்தா. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலைய விட்டுட்டு மலை சுத்தறதுக்காகவே இங்க வந்து தங்கினவ. ரெண்டு பசங்க, ரெண்டும் ஸ்கூல் வாசல மிதிச்சதில்ல. அவதான் சொன்னா: "அக்கா, பாடப்புத்தகமே வேணாம். நல்ல கதைப்புத்தகங்கள வெச்சே எல்லாத்தயும் சொல்லிக் குடுக்கலாம். இந்த மாதிரி திட்டம் நெறைய இருக்கு. ஆனா எது உங்க குடும்பத்துக்குப் பொருந்தும்னு பாத்து எடுக்கணும்." லேப்டாப்பத் தொறந்து கட்டம் கட்டமா காமிச்சா. ஜாதகத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கறா மாதிரி ரெண்டு பேரும் ஒரு வாரம் உக்காந்தோம்.

ஒண்ணு முழுக்க இங்கிலீஷு, பக்கத்துக்குப் பக்கம் பனி, பன்னிக்கறி. வேணாம்னேன். ஒண்ணுல தெனமும் அஞ்சு மணி நேரம் தாய்க்காரி கூடவே உக்காரணும், அதப் போட்ட அம்மாவுக்குக் கடை கண்ணி கெடையாது போல. ஒண்ணு நல்லாத்தான் இருந்துது, ஆனா மாசாமாசம் பரிட்ச. பரிட்சன்னு பாத்ததும் மூடிட்டேன். கடைசியா இருந்தது தமிழ்ல. நம்ம பக்கத்துப் பெத்தவங்க சில பேர் சேந்து போட்டது. முப்பத்தாறு கதைப்புத்தகம். தாய் வாசிச்சுக் காட்டணும், கொழந்த கேட்டுட்டு திருப்பிச் சொல்லணும். படின்னு கட்டாயப்படுத்தக் கூடாது, சோதிக்கக் கூடாது, நேரம் வந்தா தானா படிக்கும்னு மொத பக்கத்துலயே எழுதியிருந்துது. அந்த வரிய நாலு தடவ படிச்சேன். எம்பொண்ணுக்காகவே எழுதினா மாதிரி இருந்துது.

குடும்பத்துக்குப் பொருந்துதான்னு பாத்தேன்னு சொல்றேன், பொய். எனக்குப் பொருந்துதான்னுதான் பாத்தேன். காலேஜ்ல தமிழ் எடுத்துப் படிக்கணும்னு எனக்குக் கொள்ள ஆச. பிளஸ் டூ ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே கல்யாணத்த முடிச்சுட்டாங்க. சத்தம் போட்டுக் கதை வாசிக்க ஒரு ஆளு கெடச்சா எப்பிடியிருக்கும்? ரெண்டு வருஷம் நான் மகாராணியா இருந்தேன்.

பெட்டி வந்ததும் முப்பத்தாறையும் மொதல்ல நானே படிச்சேன். எத எடுத்தாலும் ஒரு சாவு. ஒண்ணுல மீன் புடிக்கறான், ஒண்ணுல மொசல அடிக்கறான், ஒண்ணுல வயசான மாட்ட அடிமாட்டுக்கு ஏத்தி விடறாங்க. நந்தினிகிட்ட கேட்டா, "ஸ்கிப் பண்ணிடுங்கக்கா"ங்கறா. கதையில பாதிய ஸ்கிப் பண்ணா மீதி நொண்டாதா? அதனால வாசிக்கறப்பவே மாத்த ஆரம்பிச்சேன். மீனத் தண்ணில விட்டுட்டான். மொசலு பொதருக்குள்ள பூந்துக்கிச்சு. மாட்ட ஒரு டீச்சரம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கண்ணு வரியில இருக்கும், வாயி வேற சொல்லும். ஒரு எடத்துலயும் தடுமாற மாட்டேன், அவ்ளோ பழகிப் போச்சு. இதுல எனக்குக் கொஞ்சம் கர்வம் கூட உண்டு.

தீக்ஷாவுக்கு ரொம்பப் புடிச்சது 'கொண்டையன்'னு ஒரு கதை. வள்ளினு ஒரு பொண்ணு ஒரு சேவல வளக்கறா, அதும்பேருதான் கொண்டையன். அசலூர்ல இருந்து மாமா விருந்துக்கு வர்றார். வள்ளியோட அம்மா அதக் கொழம்பு வெச்சுடறா. வள்ளி தட்டு முன்னாடி உக்காந்து வெறும் சோத்தத் தின்னுட்டு எழுந்து போறா. அவ்ளோதான் கதை. நான் படிச்ச அன்னிக்கு எனக்கு அடுப்பு பத்த வெக்கவே மனசு வரல. நல்ல கதைதான், இல்லன்னு சொல்லல. ஆனா எம்பொண்ணுக்கு வாசிக்கறப்ப, மாமாவப் பாத்ததும் கொண்டையன் வேலி தாண்டி ஓடிச்சு, ரோட்ல நின்ன தக்காளி லாரி மேல ஏறிச்சு, பெங்களூருக்கே போயிடுச்சு. தட்டு முன்னாடி வள்ளி உக்காந்திருக்கற படத்துக்கு, கொண்டையன் நெனப்புல அவளுக்குச் சோறு எறங்கலன்னு சொல்லி வெச்சேன். தீக்ஷா விழுந்து விழுந்து சிரிப்பா. எத்தன தடவ வாசிக்கச் சொன்னானு கணக்கே இல்ல.

ரெண்டாவது வருஷத்துல அவளே புஸ்தகத்த எடுத்து வெச்சுக்கிட்டு முணுமுணுக்க ஆரம்பிச்சா. சமையக்கட்டுல நின்னு கேட்டுட்டு நான் அழுதிருக்கேன். நேரம் வந்தா தானா படிக்கும்னு எழுதினவங்க வாய்க்குச் சக்கரதான் போடணும்னு நந்தினிகிட்ட சொன்னேன். கிட்டப் போய்ப் பாக்கல. சோதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களே.

போன மே மாசம் கெடு முடிஞ்சுது. மறுநாள் பௌர்ணமி, மலை சுத்தக் கூட்டம் வரும். கடை முன்னாடி தண்ணி பாட்டில் கட்டு கட்டா எறங்கிட்டிருந்துது. அவர் அஞ்சரைக்கே சாப்பிட மேல வந்தார். சாப்பிட்டுக் கை கழுவிட்டு, "எங்க, படிம்மா பாக்கலாம்"னு சேர இழுத்துப் போட்டு உக்காந்தார். தீக்ஷா கொண்டையனத்தான் எடுத்துட்டு வந்தா.

ரொம்ப நல்லாப் படிச்சா. வெரல வரிக்குக் கீழ வெச்சு நகத்திக்கிட்டே படிச்சா. சரியான எடத்துல பக்கத்தத் திருப்பினா. நான் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டேன். வயல், வேலி, மாமா பஸ்ஸ விட்டு எறங்கறது எல்லாம் வந்துது. அடுத்த பக்கம் திருப்பினா. அந்தப் பக்கத்துல மொத வரி எனக்கு மனப்பாடம். 'வள்ளியின் அம்மா அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.' தீக்ஷாவோட வெரல் அந்த வரி மேலயேதான் இருந்துது.

"கொண்டையன் வேலியைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடியது"ன்னு வாசிச்சா.

அப்பறம் தக்காளி லாரி. அப்பறம் பெங்களூர். லாரி டிரைவர் பேசறப்ப நான் கொரலக் கட்டையாக்குவேன், அவளும் ஆக்கினா. நான் மூச்சு வாங்கற எடத்துல அவளும் மூச்சு வாங்கினா. அவர் தொடையத் தட்டிச் சிரிச்சார். "சேவலுக்கு டிக்கெட் யாரு எடுத்தா?"ன்னு கேட்டார். முடிஞ்சதும் அவ தலையத் தடவிட்டு எம்பக்கம் திரும்பி, "நீ ஜெயிச்சுட்ட பிராமி, நான் வாயத் தொறக்கல"னார். கீழ எறங்கறப்பவே அவங்க அண்ணனுக்கு போன் போட்டு, பொண்ணு புஸ்தகமே படிக்குதுன்னு சொல்றது மேல வரைக்கும் கேட்டுது.

நான் அவகிட்டப் போய் உக்காந்தேன். அதே பக்கத்தத் தொறந்து ஒரு சொல்லு மேல வெரல வெச்சேன். "இது இன்னா தீக்ஷா?"

கொஞ்ச நேரம் பாத்தா. "கொண்டையன்."

"கொண்டையன் இல்ல. எழுத்தக் கூட்டிச் சொல்லு."

சொல்லல. வேற பக்கத்துல வேற சொல்லக் காமிச்சேன். எட்டு வயசுல கிளாஸ்ல எப்பிடி நின்னிருப்பாளோ அப்பிடியே எழுந்து நின்னா. ரெண்டு கால் முட்டியும் ஒட்டி வெச்சுக்கிட்டு நின்னா. புஸ்தகத்த மூடிட்டேன்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல? ரெண்டு வருஷமா ஏமாத்தினியா?"

"சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"பெட்டி வந்த அன்னிக்கே சொன்னேனேம்மா. எழுத்தெல்லாம் நகருது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குதுன்னு சொன்னேன். நீதான் அதப் பாக்காத, கதையக் கேளுன்ன."

சொன்னா. சத்தியமா சொன்னா. எம்மடில சாஞ்சுக்கிட்டு, கண்ணக் கசக்கிக்கிட்டே சொன்னா. எனக்கு அடுத்த பக்கம் வாசிக்கற அவசரம். அப்பறமும் ஒரு தடவ சொன்ன ஞாபகம் வந்துது. கண் டாக்டர்கிட்ட காமிக்கலாம்னு நெனச்சேன், அந்த மாசம் கார்த்திகை தீபம், கடையில கூட்டம், மறந்து போச்சு. ரெண்டு வருஷம் அந்தக் கொழந்த நான் சந்தோஷமா இருக்கணும்னு முப்பத்தாறு புஸ்தகத்தயும் காதாலயே மனப்பாடம் பண்ணியிருக்கு. எனக்குன்னு வந்து பொறந்துதே, நான் செஞ்ச பாவத்த எங்க போய்க் கழுவுவேன்.

"நீ வாசிச்சா மாதிரியேதானம்மா சொன்னேன்"னா தீக்ஷா. "ஒரு வார்த்த கூட விடலயே. எப்பிடிக் கண்டுபுடிச்ச?"

அதுக்கு நான் நெசத்தத்தான் சொல்ல வேண்டியிருந்துது. "புஸ்தகத்துல லாரி கெடையாது கண்ணு."

அவளுக்குப் புரியல. "அப்ப கொண்டையன் எதுல போச்சு?"

"எங்கயும் போகல. கொழம்பு வெச்சுட்டாங்க."

அழுவான்னு நெனச்சேன், அழல. அலமாரிய ஒரு பார்வ பாத்தா. மீனு, மொசலு, மாடுன்னு ஒண்ணொண்ணா கேட்டா. நான் ஒண்ணொண்ணா தலையாட்டினேன்.

"அப்பாகிட்ட சொல்லப் போறியா?"ன்னா.

சொல்லாம எப்பிடி? எழுத்தே தெரியாம அவ வளந்துடுவா. இந்த எழுத்து நகர்றதுக்கு வைத்தியமோ பயிற்சியோ இருக்கலாம், யாரயாவது கேக்கணும், அவர் இல்லாம என்னால ஆகாது. ஆனா சொன்னா அவர் வெச்ச கெடு நிக்கும், திரும்ப ஸ்கூல்தான். ரெண்டயும் அவகிட்ட சொன்னேன்.

"சரி, சொல்லு"ன்னா. "ஆனா மாத்தாம சொல்லு. நான் முன்னாடியே சொன்னேன்னு சொல்லு. அப்பறம் அப்பா ஸ்கூலுக்குப் போன்னாலும் பரவால்ல."

கீழ போனேன். அவர் பாட்டில் எண்ணிக்கிட்டு இருந்தார். அவ படிக்கலீங்க, நான் வாசிச்சத மனப்பாடமா ஒப்பிச்சான்னு சொன்னேன். பென்சில கீழ வெச்சார். மொகத்துல இருந்த சிரிப்பு அப்பிடியே வத்திப் போச்சு.

"எவ்ளோ நாளா?"

"மொதல்ல இருந்தே."

"கூடவே உக்காந்திருந்தியே, உனக்குத் தெரியல? அவளாச்சும் ஒரு வார்த்த சொல்லலியா?"

என்னையே பாத்துக்கிட்டு நின்னார். பதினாலு வருஷத்துல இவர் என்ன அப்பிடிப் பாத்ததே இல்ல.

"சொல்லலீங்க"ன்னேன். "ஒரு வார்த்த கூட சொல்லல."

"அப்ப கொழுப்புதான் அது. செல்லம் ஜாஸ்தியாயிடுச்சு"ன்னார். "ஜூன்ல சேத்துடலாம், ஸ்கூல்ல நாலு அதட்டு போட்டா தானா வரும்." திரும்ப பென்சில எடுத்தார்.

நான் திரும்பினேன். தீக்ஷா நடுப்படில நின்னுட்டிருந்தா, எவ்ளோ நேரமா நின்னாளோ தெரியல. மேல ஏறிப் போயிட்டா.