பச்சைப் புள்ளி

பேராதனை வீதியில் துணிக்கடைக்கு மேலே அந்த அலுவலகம். முதலாளி பஹ்மியின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. வெளியே சுவக்கின் என்பவன் விசைப்பலகையில் விரல்களை வைத்தபடி தட்டாமல் இருந்தான். உள்ளே, அவனோடு வேலை செய்யும் பியட்றிஸ் நின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் செய்து கொடுத்த மென்பொருளில்தான் ஆய்வுகூடமொன்று இரத்தப் பரிசோதனை முடிவுகளை அச்சிட்டது. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இரண்டு பாலம்மாக்கள். ஒருத்தியின் முடிவு மற்றவளுக்குப் போய்விட்டது. சீனி வியாதி இல்லாதவள் மூன்று நாள் மாத்திரை விழுங்கி, கொழுந்து மலையில் மயங்கி விழுந்தாள். இன்னும் கண் திறக்கவில்லை.

"அந்தச் செவ்வாக்கெழம நான் லீவுங்க சேர். அம்மாவ கிளினிக் கூட்டிட்டுப் போனேன்."

"லீவுண்டா பிழையான வரியில உங்கட பேரு எப்பிடி இரிக்கி?"

"எம் பேருலதானே எல்லாரும் வேல செய்றோம்?"

பஹ்மி குரலைத் தாழ்த்தினார். "நாலு பேருக்கு ரெண்டு லொகின் கணக்குத்தான் வாங்கினண்டு வெளிய சொல்ல ஏலுமா புள்ள?"

ஒருவர் எழுதிய நிரல் வரியை இன்னொருவர் வாசித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே மென்பொருளில் சேர்க்க வேண்டும். அதுதான் ஒழுங்கு. ஆனால் எழுதுவது பியட்றிஸின் பெயரில், சம்மதிப்பது பஹ்மியின் பெயரில். இரண்டு கடவுச்சொல்லும் எல்லாருக்கும் தெரியும். பியட்றிஸ் முன்பெல்லாம் சிரிப்பாள். "எம் பேரு ராப்பகலா ஒழைக்குது. நாந்தான் சோம்பேறி!"

அந்தச் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் சுவக்கின் மட்டும் இருந்தான். அடையாள அட்டை இல்லாத தோட்டத்துக் கிழவிகளின் பதிவு சிக்கி நிற்கிறதென்று ஆய்வுகூடத்திலிருந்து ஓயாமல் அழைப்பு. அட்டை இலக்கம் இல்லாவிட்டால் பெயரைக் கொண்டே தேடும்படி நான்கு வரியை மாற்றினான். பியட்றிஸாக எழுதினான். பஹ்மியாகச் சம்மதித்தான். பிறகு தேநீர் குடிக்கக் கீழே போனான்.

நாளையிலிருந்து வர வேண்டாமென்று பஹ்மி சொல்லிவிட்டார். பியட்றிஸ் வெளியே வந்து மேசையிலிருந்த சோற்றுப் பெட்டியைப் பைக்குள் வைத்தாள். படி வரைக்கும் சுவக்கின் கூடப் போனான்.

"அண்ணே, செவ்வாக்கெழம நீங்கதானே இருந்தீங்க?"

கீழே ஒரு பஸ் நெடுநேரம் ஹோர்ன் அடித்தது. அது ஓயும் வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"சரியா ஞாபகமில்லம்மா."

அவள் அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "கலஹா பஸ் போயிரும்," என்று இறங்கினாள்.

அடுத்த திங்கட்கிழமை பிழையைத் திருத்தும் வேலை சுவக்கினுக்கே வந்தது. பழைய வரிகளைத் திறந்தான். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பியட்றிஸின் பெயர். அவள் எழுதியது எது, தான் எழுதியது எது என்று பிரித்தறிய முடியவில்லை. அந்த நான்கு வரிகள் மட்டும் தெரிந்தன.

மத்தியானம் கைபேசியில் அவள் செய்தி அனுப்பியிருந்தாள். 'கட்டுகஸ்தோட்டையில ஒரு எடத்துக்குப் போனேன். எம் பேரக் கேட்டதும் வேணாம்னுட்டாங்க. அந்தப் பாலம்மா எப்பிடி இருக்காங்க அண்ணே?'

பதில் எழுதினான். அழித்தான். மறுபடி எழுதி, மறுபடி அழித்தான்.

"வேல முடிஞ்சா?" உள்ளேயிருந்து பஹ்மி கேட்டார். "பழைய பேர்லயே போடுங்க. புதுக் கணக்கு வாங்க மாசம் பொறக்கட்டும்."

சுவக்கின் அவளுடைய கடவுச்சொல்லை அடித்தான். திரையின் மூலையில் பியட்றிஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில், ஆள் வேலையில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்தது.