நீந்தி வந்த கார்

கார்களுக்கு அனுமதியில்லாத அந்தச் சுற்றுலாத் தீவுக்கு ஒரு கார் நீந்தி வந்தது ஒரு சனிக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு. வெள்ளைக் கார். உள்ளே ஆளில்லை. மணலில் ஏறி நின்று, வைப்பரை இரண்டு தரம் ஆட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டது.

அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பதிவாளர். மனைவியோடு ஒருநாள் உலாவாகப் படகில் வந்தவர், அதுவரை தீவில் எதையும் பார்க்கவில்லை. அக்கரையில் காரை நிறுத்திய இடத்துக் காவலாளிக்கு நாலு முறை போன் போட்டிருந்தார். மனைவி கணக்கு டீச்சர். பதினாலு வருஷமாக அந்தக் காரின் பின்சீட்டில் கார் அழுக்காகக் கூடாதென்று செருப்பைக் கையில் பிடித்தபடி போய்வந்தவள். முன்சீட்டில் அவருடைய பையும் குடையும் உட்காரும். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியிருந்தும் ஸ்டியரிங்கைத் தொட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. “உனக்கெதுக்கு அந்த டென்ஷன்?” என்பார் பதிவாளர், பெரிய தியாகம் செய்கிறவர்போல.

தீவின் காவலர் விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“சார், இங்க வண்டி வரக்கூடாது. போர்டு பாக்கலியா?”

“நான் எங்கய்யா கொண்டுவந்தேன்? அதுவா வந்திருக்கு.”

“அதுவா வந்தா, படகு டிக்கெட் எங்க?”

கார்ச் சத்தமே ஆகாதென்று கடல் தாண்டி வந்திருந்த பயணிகள், கலங்கரை விளக்கத்தை அம்போவென்று விட்டுவிட்டுக் காரோடு படமெடுக்க வரிசையில் நின்றார்கள். நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. நீந்துவதெல்லாம் மீன்தான், ஆகவே இது மீன்வளத் துறையின் தலைவலி என்றார் ஓர் உறுப்பினர். சட்டம் காரைக் கொண்டுவரத்தான் தடுக்கிறது, தானாக வருவதைப் பற்றி மூச்சுவிடவில்லை என்றார் இன்னொருவர். தேநீர் இரண்டு சுற்று வந்தபின், கடைசிப் படகு புறப்படுவதற்குள் கார் கிளம்பிவிட வேண்டுமென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

பதிவாளர் சாவியைத் திருகிப் பார்த்தார். கதவு அசையவில்லை. பானெட்டைத் தடவிக்கொடுத்து, “வாடா கண்ணா, வீட்டுக்குப் போலாம்” என்று கெஞ்சினார். தன் இரண்டு பிரசவத்திலும் அந்தக் குரல் வெளியே வந்ததில்லையே என்று டீச்சர் எண்ணிப் பார்த்தாள். அழுகை வரும்போலிருந்தது, வந்தது கோபம். விறுவிறுவென்று கிட்டே போனாள். ஓட்டுநர் கதவு தானாகத் திறந்தது. காலில் அப்பிய மணலோடு ஏறி உட்கார்ந்தாள்.

“செருப்பு! செருப்பு!” என்று அலறினார் பதிவாளர்.

“வர்றீங்களா, இல்ல படகுல வர்றீங்களா?”

அவர் முன்கதவை இழுத்தார்; பூட்டியிருந்தது. பின்கதவு மட்டும் திறந்துகொண்டது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் மறுபேச்சில்லாமல் ஏறினார். கார் கடலில் இறங்கியது. நடுக்கடலில் எந்த கியர் என்று டீச்சர் யாரையும் கேட்கவில்லை. இரண்டாவதே போதுமாக இருந்தது. “லெஃப்டுல ஒடி, அலை வருது” என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தவர், பாதி தூரத்தில் ஓய்ந்துபோனார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷமாகிறது. டீச்சர் சனிக்கிழமை தவறாமல் தீவுக்கு வருகிறாள், சில வாரம் பதிவாளர் இல்லாமலும். படகுத்துறையின் கால அட்டவணையில் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: சனிக்கிழமை பத்து மணிப் படகு, கார் கடந்த பிறகு புறப்படும்.