இருமும் செப்புக்காசு

லிஃப்ட்காரர் இறந்த மறுநாள் அவருடைய செப்புக்காசு இருமத் தொடங்கியது. ஒரு கை லிஃப்டின் பிடியிலும் மறுகை கால்சட்டைப் பையிலுமாகவே அவர் ஆயுள் போயிற்று. பைக்குள் கிடந்த காசைக் கட்டைவிரலால் தடவித் தடவி அதிலிருந்த ராஜாவின் மூக்கும் கிரீடமும் மழுங்கிவிட்டன. கதவைத் திறக்குமுன் தொண்டையைக் கனைத்து ஓர் இருமல் இருமுவார். அதே இருமல்தான் இதுவும். அவரோடு தனியாக இருந்த, தையல் வேலை செய்யும் மகளுக்கு, காசு இருமத் தொடங்கிய பிறகு வீடு வெறிச்சென்று இல்லை. காசைத் தையல் இயந்திரத்தின் மேல் வைத்துக்கொண்டு, "இருங்கப்பா, இந்தத் தையல் முடியட்டும்" என்று பேசிக்கொண்டே வேலை பார்த்தாள். அக்கம்பக்கத்தாரும் பழகிவிட்டார்கள்.

அது எந்தக் காலத்துக் காசு என்று விசாரிக்க அவள் நாணய வியாபாரியிடம் போனபோது, மனைவியோடு தனிக்குடித்தனம் இருந்த அவள் அண்ணனும் கூடப் போனான். வியாபாரி ஓரத்தை மட்டும் பிடித்து, விளக்கைச் சாய்த்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார். ராஜாவின் கழுத்துக்குக் கீழே பாதி அழிந்த நட்சத்திரம் இருந்தது.

"அபூர்வமான அச்சும்மா. இந்தக் கருப்புதான் இதுக்கு உசிரு. தேய்ச்சுடாதீங்க, பருத்தித் துணியில சுத்தி வைங்க" என்றார். காசு இருமியது. "ஈரமும் படாம பாத்துக்குங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அண்ணன் காதில் 'அபூர்வம்' மட்டுமே விழுந்தது. பித்தளைக் குழாய்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறைக்காரன் அவன். கறுத்துக் கிடக்கும் எதைக் கண்டாலும் கை அரிக்கும். தங்கை வெளியே போன நேரம் பார்த்துக் காசை எடுத்துப் போய், பாலிஷ் பசை தடவிக் கட்டைவிரலாலேயே தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து நீட்டினான். கேட்டீர்களா அநியாயத்தை! ஓர் ஆயுள் முழுக்கச் சேர்ந்ததை ஒரே மத்தியானத்தில் வழித்துப் போட்டுவிட்டு, "எப்படி மின்னுது பாரு" என்று சிரிப்பு வேறு. காசு மூச்சு விடவில்லை.

"அப்பாவையே வழிச்சுப் போட்டுட்டியேண்ணா, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று அவள் அலறியதில் தெருவே கூடிவிட்டது. அவள் காசைக் கொண்டுபோய்க் காட்டியதும் வியாபாரி தலையில் அடித்துக்கொண்டார். "இனிமே இது சட்டைப் பொத்தானுக்குத்தான் ஆகும்" என்றார்.

அன்று சாயங்காலம் கை கழுவும்போது அண்ணனின் கட்டைவிரல் இருமியது. ரேகைக்குள் ஏறிய கருப்பு எந்தச் சோப்புக்கும் அசையவில்லை. சேதி தெரிந்ததும் தங்கை துளியும் இரக்கம் காட்டவில்லை. தினமும் பட்டறையை மூடியதும் அவன் வந்து, தையல் இயந்திரத்தின் மேல் கையை வைத்தபடி உட்கார வேண்டும். "ஆட்டாம வை. அப்பாவுக்கு மூச்சு வாங்கும்" என்பாள். அவன் மனைவி திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள். இப்போது அவன் இடது கையால்தான் பாலிஷ் போடுகிறான். வலது கட்டைவிரலைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாமல் தூக்கிப் பிடித்தபடி தெருவில் நடக்கிறான். அது இருமினால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள்.