தகரத்தின் மேல் திசைகாட்டி

தங்கப்பாண்டிக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்? மதுரையில் நடந்த ட்ரோன் பயிற்சியில் அவனும் நாகஜோதியும் ஒரே வகுப்பு. தேர்வில் அவன் முதலாவது. அவள் தட்டுத்தடுமாறித் தேறியவள். திசைகாட்டி எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்குப் புரியவைத்ததே அவன்தான். ஆனால் மானியத்தில் வந்த ட்ரோன் மகளிர் குழுவுக்குத்தான் என்றார்கள். குழுத் தலைவி நாகஜோதி. மெஷின் அவள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. இவனுடைய சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது.

அன்று காலை சுருளிப்பட்டியில் சுயம்புலிங்கத்தின் திராட்சைத் தோட்டம். மருந்து கலக்க ஆள் வேண்டும் என்று அவர் கூப்பிட்டிருந்தார். வந்து பார்த்தால் ட்ரோனில் மருந்தடிக்கப்போகிறவள் நாகஜோதி. இதே தோட்டத்தில் பன்னிரண்டு வருடம் ஸ்பிரேயரை முதுகில் சுமந்தவன், இப்போது அவளுக்கு வாளியில் கலக்கித் தர வேண்டும்.

"வாங்கண்ணே. நீங்க வந்தது நல்லதாப் போச்சு" என்றாள் அவள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல்.

பறக்கும் முன் திசைகாட்டியைச் சரிசெய்ய வேண்டும். ட்ரோனை ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டினால் வடக்கு எது என்று அது கற்றுக்கொள்ளும். பக்கத்தில் இரும்பு இருந்தால் தப்பாகக் கற்றுக்கொள்ளும். தரை சேறாகக் கிடந்ததால், நாகஜோதி லோடு வண்டியின் இரும்புத் தகரத் தளத்திலேயே ட்ரோனை வைத்து, சுயம்புலிங்கத்தை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிச் சுற்றினாள்.

தங்கப்பாண்டி பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். கொடியில் சிக்கி ஒரு இறக்கையாவது ஒடியட்டும், யார் பைலட் என்று ஊருக்குத் தெரியட்டும் என்று நினைத்தான். நினைத்தபோது சுகமாகத்தான் இருந்தது.

இரண்டு வரிசை ஒழுங்காகப் போன ட்ரோன் மூன்றாவதில் வட்டமடிக்கத் தொடங்கியது, செக்கு மாடு போல. வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. ரிமோட் திரையில் அம்புக்குறி மட்டும் நேராகப் போவதாகக் காட்டியது. நாகஜோதி திரையையே பார்த்துக்கொண்டு குச்சியை இழுத்தாள். இழுக்க இழுக்க அது விலகிப் போனது. அடுத்த தோட்டத்தில் நாலு பெண்கள் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுழலும் இறக்கைகள் அவர்கள் பக்கம் சாய்வதைத் தங்கப்பாண்டி பார்த்தான். அவன் கேட்டது இது இல்லை.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். "ஸ்கிரீனப் பாக்காதத்தா, அது பொய் சொல்லுது. மெஷினப் பாரு."

"எங்கிட்டுப் போகுதுன்னே தெரியலண்ணே."

"மொதல்ல ஒசரத்தக் கூட்டு. மேனுவல் சுவிட்சப் போடு. இனி அது தானா நிக்காது, காத்து கெழக்க இழுக்கும். வாலு லைட்டு நம்ம பக்கம் திரும்புற மட்டும் சுத்து."

"லைட்டு தெரியுதுண்ணே."

"இப்ப ஒன் பக்கமா இழு. மெதுவா. மேக்க கொஞ்சம் சாச்சுப் பிடி."

ரிமோட்டைப் பிடுங்க அவன் கை பரபரத்தது. கை மாறும் நேரத்தில் மெஷின் போய்விடும் என்று அடக்கிக்கொண்டான். ட்ரோன் தள்ளாடித் தள்ளாடி வந்து வரப்போரம் இறங்கியது.

"பைலட்டுன்னா இவன்தான்யா" என்றார் சுயம்புலிங்கம். எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை.

நாகஜோதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இனிமே நீங்களே ஓட்டுங்கண்ணே. குழுவுல நான் பேசிக்கிறேன். நான் ஒங்களுக்கு மருந்து கலக்கித் தாரேன்."

தங்கப்பாண்டிக்கு நெஞ்சு நிறைந்தது. கீழே கிடந்த வாளியை எடுத்து மறுபடி மருந்தைக் கலந்தான். தப்பு எங்கே நடந்தது என்று பார்க்க, வண்டியில் சுற்றியபோதிலிருந்தே ட்ரோன் கேமராவில் பதிந்திருந்ததை அவள் திரையில் ஓடவிட்டாள்.

வண்டியின் தகரம் வந்தது. பந்தல் வந்தது. பிறகு தங்கப்பாண்டி வந்தான். கையில் வாளியோடு தகரத்தையே பார்த்தான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவள் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தாள்.

"இங்கன ஏதோ சொல்ல வந்தீகளேண்ணே" என்றாள். "என்னது?"

மருந்து எப்போதோ கலந்துவிட்டிருந்தது. தங்கப்பாண்டி தலை நிமிராமல் கலக்கிக்கொண்டே இருந்தான்.