தலையைத் தொட்டு எண்ணுகிறவள்

பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊரார் போனையெல்லாம் எடுத்துப் பேசுகிறவள், சொந்த அக்கா மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. வீம்பு, வேறென்ன. மறுநாள் காலையில் அக்கா இல்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அதன் பிறகு தங்கைதான் அந்த எண்ணுக்குத் தினமும் அடித்துக்கொண்டிருந்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அப்படி என்ன சண்டை என்று கேட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கும். அக்காவுக்கு நகரத்து நடுவில் இருந்த பூங்காவில், குளத்து வாத்துகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தாய் வாத்து கைவிட்டுப் போன ஆறு முட்டைகளைச் சூட்டுப்பெட்டியில் வைத்துப் பொரித்தவள் அவள். கண் திறந்ததும் ஆறு குஞ்சுகளும் முதலில் பார்த்தது அவளுடைய மஞ்சள் ரப்பர் பூட்ஸைத்தான். வளர்ந்த பிறகும் அந்தப் பூட்ஸ் போகிற இடமெல்லாம் அவள் குதிகாலை மிதித்துக்கொண்டே ஆறும் போகும். மாலை ஐந்து மணிக்குக் கொட்டிலில் அடைக்கும்போது, வாசலில் குனிந்து ஒவ்வொரு தலையையும் இரண்டு விரலால் தொட்டு, “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணி உள்ளே விடுவாள். பிறகு வெளிப்பக்கக் கொக்கியை மாட்டுவாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டுத் தெருவைக் கடக்கும்போது தங்கையின் தலையைத் தொட்டுத் தொட்டு வந்த பழக்கம் அது.

சில மாதங்களுக்கு முன் தங்கை, தான் கட்டிக்கொள்ளப் போகிறவனையும் அவன் அம்மாவையும் பூங்காவுக்கு அழைத்து வந்திருந்தாள். கொட்டிலைக் காட்டத் தங்கை குனிந்து நுழைந்தபோது, அக்கா அவள் தலையையும் தொட்டு, “ஏழு” என்றாள். மாமியாராகப் போகிறவள் வாய்விட்டுச் சிரித்தாள். விவரம் கெட்டவர்களைத்தான் நாம் வாத்து என்கிறோம். அந்தக் கூட்டத்தில் சேர்த்து எண்ணினால் யாருக்குத்தான் ரோஷம் வராது? அவர்கள் கிளம்பிப் போனதும் தங்கை பொரிந்து தள்ளினாள்.

“இனிமே என்னை எண்ணாதே. உன் கணக்குல நான் இல்ல.”

அக்கா ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. “சரி” என்றாள். அந்தச் “சரி”தான் இப்போது தங்கையைத் தூங்கவிடாமல் அடித்தது. நிஜமாகவே கணக்கிலிருந்து எடுத்துவிட்டாளா? அதைக் கேட்க இனி ஆளில்லை.

அக்கா போய் இருபதாம் நாள் பூங்கா மேற்பார்வையாளர் போன் செய்தார். தங்கை “ஹலோ” என்றாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குரலைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அப்படியே அவங்க குரல்.”

“எங்கம்மாவுக்கே போன்ல வித்தியாசம் தெரியாது சார்.”

“அதனாலதான் கூப்பிட்டேன். அந்த ஆறு வாத்தும் சாயந்தரம் அடைய மாட்டேங்குது. நாய் வருது, பயமா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா எங்கேயாவது கொடுத்துடச் சொல்றாங்க. ஒரு தடவை வந்து கூப்பிட்டுப் பாருங்க. அவங்க பூட்ஸ் கூட இங்கதான் இருக்கு.”

மறுநாள் நாலரை மணிக்கு வந்துவிட்டாள். சாமான் அறை மூலையில் பூட்ஸ் இருந்தது. காலை நுழைத்தவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டுப் போனதுபோல் உள்ளே கதகதப்பு. வெயிலில் வைத்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

குளக்கரையில் நின்று, “வாங்கடா, வாங்க” என்றாள். நடுக்குளத்தில் ஆறு தலைகள் ஒன்றாகத் திரும்பின. சத்தமே இல்லாமல் நீந்திக் கரையேறி வரிசையாக நின்றன. அவள் நடந்தாள், அவையும் நடந்தன. அப்பாடா என்றிருந்தது.

பாதி வழியில்தான் கவனித்தாள். எதுவும் அவள் குதிகாலை மிதிக்கவில்லை. அவளுக்கும் முதல் வாத்துக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற இடைவெளி. அவள் வேகமாக நடந்தாலும் அது குறையவில்லை, மெதுவாக நடந்தாலும் குறையவில்லை. நின்று திரும்பினாள். ஆறும் கழுத்தைத் தூக்கிப் பார்த்தன. அவளை அல்ல, அந்த வெற்றிடத்தை.

ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பாதையோரப் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அவளுக்கு வழிவிடக் காலை மடக்கினார். அவள் கடந்த பிறகும் அவர் காலை நீட்டவில்லை. இன்னும் ஓர் ஆள் கடந்து போகிற நேரம் பொறுத்திருந்து, வாத்துகளும் போன பிறகு நீட்டிக்கொண்டார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

கொட்டில் கதவைத் திறந்து, கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். தொட்டு எண்ண அவளுக்குத் தைரியம் வரவில்லை. முதல் வாத்து வாசலுக்கு வந்தது, நின்றது, தலையைத் தாழ்த்தியது, உள்ளே போனது. அடுத்ததும் அப்படியே. ஆறும், யாரோ தொட்டு அனுப்பியதுபோல, ஒவ்வொன்றாகத் தலை தாழ்த்தி உள்ளே போயின.

உள்ளே தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தாமல் போனால் ராத்திரி முழுக்கத் தவித்துப் போகும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசலில் குனிந்தாள்.

உச்சந்தலையில் இரண்டு விரல்கள் பட்டன.

லேசாகத்தான். தெருவைக் கடக்கும் முன் படுகிற மாதிரி. கால்கள் தானாக உள்ளே போயின. பின்னால் கதவு மூடியது. வெளியே கொக்கி விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது, கண்ணீர் வேறு கொட்டியது. வாத்துகள் அவள் காலடியில் வந்து படுத்துக்கொண்டன.

கொஞ்ச நேரத்தில் மேற்பார்வையாளர் வந்து கொக்கியை எடுத்தார்.

“நீங்க உள்ள இருக்கீங்க, கொக்கி வெளியில மாட்டியிருக்கு. யார் மாட்டினது?”

கவிழ்ந்து கிடந்த தொட்டியை அவள் குனிந்து நிமிர்த்தினாள்.

“போகட்டும், அடைஞ்சுருச்சுல்ல, அது போதும். பாதையில வரும்போதே கேட்டேன், அவங்களை மாதிரியே எண்ணினீங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.” சொல்லிவிட்டு, உள்ளே எட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். “ஆனா கடைசியில ஏழுன்னீங்களே. ஆறுதானே இருக்கு?”

குளக்கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் வாயைத் திறக்கவேயில்லை.

“ஏழுதான் சார்,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எங்கக்கா தப்பா எண்ண மாட்டா.”