ஷட்டருக்கு முன்னால் ஒரு செமினார்

சுவேதாவின் கல்லூரி, தவளக்குப்பம் மார்க்கெட்டில் அவள் அம்மா நிர்மலாவின் மீன் கூடைக்குப் பின்னால் நடந்தது. கொரோனாவுக்குப் பயந்து கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் இருந்ததோ ஒரே ஸ்மார்ட்போன். வாடிக்கைக்காரர்கள் அதில்தான் மீனுக்குச் சொல்லி வைப்பார்கள். ஆகவே அம்மாவோடு போன் போயிற்று; போனோடு மகளும் போனாள். பி.எஸ்சி. புள்ளியியல், முதலாம் ஆண்டு. உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

கூடப் படிக்கும் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. திரையில் கறுப்புக் கட்டங்கள், அவற்றில் பெயர்கள், அவ்வளவுதான். பாக்யலட்சுமி என்கிற பெயர் மட்டும் தினமும் வகுப்பு குரூப்பில் ஒரு ரோஜாப்பூ அனுப்பும். எல்லாருக்கும் பொதுவான பூதான். சுவேதா அதைத் தனக்கு வந்ததாகவே வைத்துக்கொண்டாள். பேச ஆளில்லாதவளுக்கு அதுவும் பெரிது. ஒரு நாள் தனியாக அவளுக்கு ‘ஹாய்’ என்று டைப் செய்துவிட்டு அழித்தாள். அம்மாவின் எண் அது, டி.பி.யில் வஞ்சிரத் துண்டுகள். சிரிப்பார்களே என்ற பயம். அதே பயத்தில் மைக்கும் கேமராவும் எப்போதும் மூடியே இருந்தன.

செமினாருக்குக் கேமராவைத் திறந்தே ஆக வேண்டும் என்று செல்வகுமார் சார் சொல்லிவிட்டார். பேசி முடித்ததும் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். சுவேதாவின் ஆசையெல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. பாக்யலட்சுமி ஒன்று கேட்டால் போதும், அதைச் சாக்காக வைத்துப் பிறகு பேச ஆரம்பித்துவிடலாம்.

பூட்டிக் கிடந்த கடையின் ஷட்டர் முன்னால் நின்றாள். மீன் எதுவும் தெரியாத இடம். நிர்மலா சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து போனைப் பிடித்தாள். நிகழ்தகவு பற்றி, பகடையை உதாரணம் காட்டி, சுவேதா திக்காமல் பேசி முடித்தாள்.

“யாராவது கேள்வி கேளுங்க” என்றார் சார்.

சத்தமில்லை.

“பாக்யலட்சுமி?”

இல்லை.

“அஜித்? புருஷோத்தமன்?”

அவர்களும் இல்லை.

கரையில் ஏலம் விடும்போது முதல் விலையை யாரும் கேட்காவிட்டால், மீனுக்கு உடையவர் வீட்டு ஆளே ஒரு விலை கேட்டு வைப்பது வழக்கம். கேட்பாரில்லாமல் கிடந்தால் மீனுக்கு அவமானம். நிர்மலாவுக்குத் தெரிந்த முறை அதுதான். போனுக்குப் பின்னால் நின்றபடியே குரல் கொடுத்தாள்.

“ஏம்மா, அந்தக் கட்டைய நாலு வாட்டி உருட்டியும் ஆறு விழலன்னு வெச்சுக்க. அஞ்சாவது வாட்டியாவது விழுமா?”

“நல்ல கேள்வி” என்றார் சார். “யாரு கேட்டது? பேரச் சொல்லுங்க, மார்க் போடணும்.”

“நிர்மலா சார்.”

“நிர்மலாவா? லிஸ்ட்ல இல்லியே.”

சுவேதா போனைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் கூடை, ஐஸ், தராசு எல்லாம் திரையில் வந்துவிட்டன. உயிரே போனது.

“அது எங்கம்மா சார். மீன் விக்கிறாங்க” என்றாள். சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கட்டம்கூட அசையவில்லை. போனை வகுப்பில் இணைத்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருந்தார்கள். இத்தனை மாதமும் யாருக்குப் பயந்து கூடையை மறைத்தாளோ, அவர்கள் அங்கே இல்லவே இல்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

“சரிம்மா, அவங்களுக்குப் பதில் சொல்லிடுங்க” என்றார் சார், களைத்த குரலில்.

அவள் போனைத் தராசின் மேல் சாய்த்துவிட்டு அம்மாவைப் பார்த்துத் திரும்பினாள்.

“அப்டி இல்லம்மா. முன்னாடி என்னா விழுந்துதுன்னு கட்டைக்குத் தெரியாது.”

“அப்போ ஒவ்வொரு வாட்டியும் புதுசுதானா?”

“ஆமா” என்றாள் சுவேதா. அத்தனை பேரில் கேள்வி கேட்டது அம்மா ஒருத்திதான். அழுகை வந்துவிட்டது.