சேதன இரசாயனத்தை விட்ட வசந்தம்

2012 பெப்ரவரியில் யூஜினி பேர்ண் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். சுவிஸ் மருத்துவ நுழைவுத் தேர்வில் அவளுக்குப் புள்ளி போதாமல் போயிருந்தது. பட்டம் முடித்த கையோடு, லண்டனில் பட்டதாரிகளை எடுக்கும் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிப்பதென்று இருந்தாள். அந்த மாதம்தான் அம்மா திரேசாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரியவந்தது.

பன்னிரண்டு வாரம், செவ்வாய்தோறும் லுட்சேர்ன் மருத்துவமனையில் மருந்து ஏற்ற வேண்டும். அப்பா செபஸ்ரியனுக்கு எம்மன்புரூக்கே தொழிற்சாலையில் பகல் வேலை. ஹோட்டல் சலவைப் பகுதியில் இருபது வருடம் நின்ற திரேசாவுக்கு அந்த வேலைக்குத் தேவையான ஜெர்மன் மட்டுமே தெரியும். வைத்தியர் சொல்வதை விளக்க ஒருவர் கூட இருக்க வேண்டும். யூஜினிக்குச் சேதன இரசாயனச் செய்முறை வகுப்பும் செவ்வாயில்தான். இரண்டு தடவைக்கு மேல் வராதவர்களைப் பரீட்சைக்கு விடமாட்டார்கள்.

அவள் பாடத்திலிருந்து விலகினாள். வீட்டில் சொல்லவில்லை. கூடப் படித்த டினேசுக்கு மட்டும் சொன்னாள்.

“பெறுபேற்றுத் தாளில ‘விலகினார்’ எண்டு விழும். லண்டனில கட்டாயம் கேப்பாங்கள்,” என்றான் அவன்.

“விழட்டும்.”

மருந்து இறங்க மூன்று மணி நேரம் எடுக்கும். யூஜினி தன் புத்தகத்தை விரித்து, உடம்பின் கலங்கள் எப்படிப் பிரிந்து பெருகுகின்றன, மருந்து அதை எப்படித் தடுக்கிறது என்று அம்மாவுக்குத் தமிழில் சொல்வாள். முடியை வளர்க்கும் கலங்களும் வேகமாகப் பிரிவதால்தான் முடி கொட்டுகிறது என்று சொன்ன அன்று திரேசா சற்று யோசித்துவிட்டு, நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத மருந்தா இது என்று கேட்டாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஹோட்டலில் போர்வை மடித்த காலத்துக் கதைகள், மேற்பார்வை பார்த்த இத்தாலியக்காரியோடு போட்ட சண்டைகள், அப்பாவை முதலில் பிடிக்காமல் போனது எல்லாவற்றையும் அம்மா சொன்னது மருந்து ஏற்றும் அந்தக் கதிரையில் இருந்துதான்.

ஐந்தாவது வாரம், விலகலை உறுதிப்படுத்தும் கடிதம் வீட்டுக்கு வந்தது. செபஸ்ரியன் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தார். திரேசா எழும்பி அறைக்குள் போனவள் பிறகு மகளோடு கதைக்கவேயில்லை. அடுத்த செவ்வாய் யூஜினி எழும்புவதற்கு முன்பே தனியாகப் போய்விட்டாள்.

யூஜினி பின்னாலேயே மருத்துவமனைக்கு ஓடினாள். அம்மாவின் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மடியில், வைத்தியரிடம் காட்ட அப்பா ஜெர்மனில் எழுதிக்கொடுத்த ஒரு கடதாசித் துண்டு.

“என்ர வருத்தம் உன்ர படிப்பைத் தின்னக்கூடாது,” என்றாள் திரேசா.

“திரும்பச் சேருற நாள் முடிஞ்சுது அம்மா. இனி நான் வீட்டில இருந்தென்ன, இஞ்ச இருந்தென்ன?”

திரேசா பக்கத்துக் கதிரையில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

மருந்து பலன் தந்தது. யூஜினி பட்டத்தை முடித்து விண்ணப்பித்தாள். நேர்முகத்தில், டினேஸ் சொன்னது போலவே, அந்தப் பாடத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். கேட்ட பெண்மணி தலையசைத்துவிட்டு, அடுத்த வருடம் அதை ஏன் எடுக்கவில்லை என்றார். யூஜினி மூன்றாம் ஆண்டுப் பாடங்களைப் பற்றி ஏதோ சொன்னாள். அம்மா சுகமான பிறகும் அந்த ஆய்வுகூடப் பக்கம் போக அவளுக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

இடம் கிடைக்கவில்லை. விலகியது குறையல்ல, முடிக்காமல் விட்டதுதான் குறை என்று எழுதியிருந்தார்கள். 2014இல் தன்னைவிட இளையவர்களுக்கு நடுவில் இருந்து அந்தப் பாடத்தைப் படித்துத் தேறினாள். மறுபடி விண்ணப்பித்தபோது இடம் கிடைத்தது. நினைத்ததைவிட ஒரு வருடம் பிந்தி லண்டனுக்குப் போனாள்.

இப்போது அவள் சுவிஸின் ஓல்ற்றன் நகரில் வைத்தியர். திரேசா ஜெர்மன் வகுப்புக்குப் போய், பரிசோதனைகளுக்குத் தனியாகவே போய்வருகிறாள். போன வசந்தத்தில், தானும் கூட வரட்டுமா என்று யூஜினி போனில் கேட்டாள்.

“வேண்டாம் பிள்ளை, எனக்கு எல்லாம் விளங்குது,” என்றாள் அம்மா. குரலில் பெருமை இருந்தது.

யூஜினிக்கும் சந்தோசம்தான். ஆனாலும் போனை வைத்த பிறகு, அம்மாவோடு மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் கடைசியாக எப்போது இருந்தோம் என்று எண்ணிப் பார்த்தாள். பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது.